இதர செலவு

வருமான வரிக் கணக்குக்காகப் பழைய காகிதங்களைக் கிளறிக்கொண்டிருந்தபோது, வேளச்சேரியில் இந்த வீட்டை வாங்கிய சமயத்தில் பத்திர எழுத்தர் எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டு கையில் சிக்கியது. முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், கணினிக் கட்டணம், எழுத்துக்கூலி என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே தொகையைப் போட்டு, கடைசி வரியில் ‘இதர செலவு 3,000’ என்று முடித்து அடியில் கோடு போட்டிருந்தார். மற்ற தொகைகளுக்கெல்லாம் ரசீது சீட்டோடு பின் செய்யப்பட்டிருந்தது. இந்த ஒன்றுக்கு இல்லை. அன்று நான் அதைக் கேட்கவும் இல்லை. ‘இதர’ என்றால் என்ன என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும், தெரிந்தவர்கள் அதைப் பேசிக்கொள்வதில்லை என்பதும் எங்கள் இருவருக்கும் தெரியும். அறுபது லட்ச ரூபாய் வீட்டுக்கு அந்த மூவாயிரம் ஒரு விழுக்காட்டில் இருபதில் ஒரு பங்குதான். கொடுத்த அன்றே மறந்துவிட்டேன்.

அதே ஆண்டில் இன்னொரு மூவாயிரமும் என் கண்ணில் பட்டது. எங்கள் வீட்டில் சமைக்கும் அக்கா, தினசரி நாள்காட்டியிலிருந்து கிழித்த தாள்களைப் பின்பக்கம் திருப்பி நூலால் தைத்து ஒரு கணக்கு நோட்டு வைத்திருக்கிறார். தண்டல்காரர் எண்பத்தொரு நாள்தான் கட்டியிருக்கிறாய் என்கிறார், தன் கணக்கில் எண்பத்து மூன்று வருகிறது, கூட்டிப் பார்த்துச் சொல்லுங்கள் என்று ஒரு நாள் அதை என்னிடம் நீட்டினார். ‘தண்டல் 40’, ‘தண்டல் 40’ என்று பக்கம் பக்கமாக ஓடிய வரிகளுக்கெல்லாம் முன்னால், முதல் தாளில், ‘ஆபீஸ் 3000’ என்று எழுதியிருந்தது.

“என்னக்கா இது, ஆபீஸ் மூவாயிரம்?”

“அதான் சார், விதவை பென்ஷனுக்கு. விசாரணைக்கு வரணும்ல. வர்றவருக்கு, அப்புறம் மேல பாக்குறவங்களுக்குன்னு மொத்தமா ஒருத்தர் கையில குடுத்தாச்சு.”

“எங்கிட்ட கேட்டிருக்கலாமே?”

“உங்ககிட்ட ஏற்கெனவே பையன் ஃபீஸுக்கு வாங்கினது நிக்குதுல்ல சார்.”

கூட்டிப் பார்த்ததில் எண்பத்து மூன்றுதான் வந்தது. அக்கா சரியாகத்தான் எழுதியிருந்தார்.

சென்னைக்கு வெளியே இருப்பவர்களுக்காகத் தண்டல் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நாலாயிரம் கேட்டால் அறுநூறைப் பிடித்துக்கொண்டு மூவாயிரத்து நானூறைக் கையில் கொடுப்பார்கள். நாளொன்றுக்கு நாற்பது வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். 2003இல் தமிழ்நாடு கொண்டுவந்த அநியாய வட்டித் தடைச் சட்டம் இந்த முறையைத் தண்டல் என்று பெயர் சொல்லியே விவரிக்கிறது. அதற்காக யாரும் தெருவில் வசூலிப்பதை நிறுத்திவிடவில்லை. அக்காவுக்குக் கிடைத்த மூவாயிரத்து நானூறில் மூவாயிரம் ‘ஆபீஸ்’. மிச்சம் ஜெராக்ஸ், ஆட்டோ, இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றுக்கு ரசீதோடு கட்டிய அறுபது ரூபாய். மூன்று வீட்டில் சமைத்து மாதம் பதினாலாயிரம் சம்பாதிப்பவர், மாதம் 1,200 ரூபாய் உதவித்தொகை பெறுவதற்காக, தண்டலோடு சேர்த்து ஏறத்தாழ அதன் மூன்றேகால் மாதத் தொகையை முன்கூட்டியே கட்டினார். இதோடு அலுவலகத்துக்கு அலைந்த மூன்று நாள் சம்பளத்தையும் சேர்க்க வேண்டும். எங்கள் வீட்டில் அதைப் பிடிக்கவில்லை என்று எழுதத்தான் ஆசை. அதில் ஒரு நாளுக்குப் பிடித்தோம் என்று என் மனைவி நினைவூட்டுகிறார்.

ஒரே நகரம், ஒரே ஆண்டு, ஒரே தொகை. ஊழலுக்கும் வருமான ஏற்றத்தாழ்வுக்கும் உள்ள உறவைப் பற்றி எங்கே படித்தாலும் இந்த இரண்டு தாள்கள்தான் எனக்கு நினைவுக்கு வருகின்றன. வரி என்றால், குறைந்தபட்சம் காகிதத்திலாவது, வருமானம் ஏற ஏற விகிதம் ஏறும். லஞ்சத்துக்கு அப்படி ஒரு படிக்கட்டு கிடையாது. அது எல்லாரிடமும் ஏறக்குறைய ஒரே தொகையைக் கேட்கிறது, அதுவும் ரொக்கமாக, அன்றைக்கே. கையில் ரொக்கம் இல்லாதவர் அதற்கு வட்டியும் சேர்த்துக் கட்டுகிறார். கொடுத்த லஞ்சத்தை எல்லாரும் கணக்குப் போடுகிறார்கள். லஞ்சத்துக்கு வாங்கிய கடனின் வட்டியை எந்த ஆய்வும் கணக்கில் எடுத்து நான் பார்த்ததில்லை.

ஆனால் விகிதத்தோடு பேச்சை முடித்துக்கொண்டால் பாதிதான் பேசியதாகும். அந்தப் பணத்தைக் கொடுத்து நாங்கள் இருவரும் எதை வாங்கினோம் என்பது அதைவிட முக்கியம். நான் வாங்கியது நேரம்: டோக்கன் நேரத்துக்குக் கூப்பிட்டார்கள், ஆவணத்தில் குறை சொல்லாமல் கையெழுத்திட்டார்கள், மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன். அக்கா வாங்கியது ஏற்கெனவே தனக்குச் சட்டப்படி சொந்தமான ஒன்றை. எங்கள் இருவருக்கும் மேலே மூன்றாவதாக ஒரு வகை உண்டு. தனக்கு உரிமையே இல்லாத ஒன்றை, ஏரிக்குள் ஒரு மனைப்பிரிவையோ விதியை மீறிய நான்கு மாடிகளையோ வாங்குகிறவர்களின் வகை அது. இம்மூன்றையும் நாம் லஞ்சம் என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம். ‘மாமூல்’ இன்னும் மோசம். அரபியிலிருந்து உருது வழியாக வந்த அந்தச் சொல்லுக்கு ‘வழக்கமானது’ என்றுதான் பொருள். தேனெடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்று அலுவலகங்களில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அந்தப் பழமொழி தேனெடுத்தவனின் கையைப் பற்றித்தான் பேசுகிறது, கூடு யாருடையது என்று கேட்பதில்லை.

பொருளாதாரத் துறை இதை நெடுநாள் ‘எண்ணெய்’ என்ற கண்ணோட்டத்தில்தான் பார்த்தது. விதிகள் இறுகிக் கிடக்கும் நாட்டில் லஞ்சம் சக்கரத்துக்கு இடும் எண்ணெய், அது வளர்ச்சிக்கு உதவக்கூடும் என்று அமெரிக்கப் பொருளியலாளர் நதானியேல் லெஃப் 1964இல் எழுதினார். விநோதம் என்னவென்றால், அதே 1964இல் இந்தியாவில், தமிழ்நாட்டைச் சேர்ந்த கே. சந்தானம் தலைமையிலான ஊழல் தடுப்புக் குழு, கிட்டத்தட்ட அதற்கு நேர் எதிரான அறிக்கையைக் கொடுத்தது. கோப்பை வேகமாக நகர்த்தக் கொடுக்கும் ‘ஸ்பீடு மணி’ பழகிப்போனதால், கொடுக்காதவரின் கோப்பைத் தொடுவதே இல்லை என்ற வழக்கம் ஊழியர்களிடையே உருவாகிவிட்டது, தாமதத்துக்கே இந்தப் பழக்கம்தான் பெரிய காரணம் என்று அது சொன்னது. அதாவது, சக்கரத்துக்கு எண்ணெய் விற்கிறவரே அதில் மணலையும் அள்ளிப் போடுகிறார். மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் அந்தக் குழுவின் பரிந்துரையால் பிறந்தது. தமிழ்நாட்டின் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககமும் அதே 1964இல் உருவானதுதான்.

மணல் போடுவது எப்படி என்பதை டெல்லியில் நடந்த ஓட்டுநர் உரிம ஆய்வு ஒன்று நெருக்கமாகப் படம் பிடித்தது. மரியான் பெர்ட்ராண்ட், சிமியன் ஜான்கோவ், ரெமா ஹன்னா, செந்தில் முல்லைநாதன் ஆகிய நால்வரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு அது. உரிமம் வாங்க வந்த 822 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். சீக்கிரம் உரிமம் வாங்கினால் பரிசுப் பணம் என்று ஒரு குழுவுக்குச் சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு இலவசமாக வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். மூன்றாவது குழுவை அப்படியே விட்டுவிட்டார்கள். நன்றாக ஓட்டக் கற்றுக்கொண்டவர்களுக்கு உரிமம் கிடைக்கும் வாய்ப்பு ஓரளவு கூடியது. ஆனால் பரிசுப் பணத்துக்காக அவசரப்பட்டவர்கள் அதிகமாக ஏஜென்ட்டிடம் போனார்கள், அவர்களில் பலர் தேர்வுக்கே போகாமல் உரிமத்தோடு வந்தார்கள். உரிமக் கட்டணம் 450 ரூபாய். சராசரியாகச் செலவானது ஏறத்தாழ 1,120 ரூபாய். ஏஜென்ட் இல்லாமல் நேராக வந்தவர்களில் பலரை, ஓட்டத் தெரிந்தவரா தெரியாதவரா என்று பாராமல், தோல்வியடையச் செய்தார்கள். கட்டணத்துக்கும் செலவுக்கும் இடையே இருந்த அந்த அறுநூற்றுச் சொச்சத்தைத் தர முடியாதவரின் திறமைக்கு அங்கே மதிப்பு குறைவு. ஓட்டுநர் வேலைதான் ஏழைக் குடும்பத்துப் பையன் ஒருவனுக்கு எட்டும் முதல் படி என்பதை இதோடு சேர்த்துப் படித்தால்தான் ஏற்றத்தாழ்வு எங்கே பிறக்கிறது என்று புரியும்.

வாங்குகிறவரும் நம்மைப் போன்ற சம்பளக்காரர்தானே, அவருக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது, பணம் ஏழையிடமிருந்து நடுத்தரத்துக்குத்தானே போகிறது என்று என் நண்பர் ஒருவர் வாதிடுவார். அக்காவின் வாயிலேயே இதற்குப் பதில் இருந்தது: ‘மேல பாக்குறவங்களுக்கு’. நியூசிலாந்து அறிஞர் ராபர்ட் வேட் தென்னிந்திய மாநிலம் ஒன்றின் கால்வாய்ப் பாசனத் துறையை ஆராய்ந்து 1982இல் எழுதிய கட்டுரையை இந்த விஷயத்தில் இன்றுவரை எதுவும் மிஞ்சவில்லை என்பது என் எண்ணம். வருமானம் வரும் இடத்துக்கு மாறுதல் வாங்கப் பொறியாளர்கள் மேலே பணம் கட்டினார்கள். கட்டிய பணத்தை ஒப்பந்தக்காரரிடமும், தண்ணீருக்காகக் காத்திருந்த விவசாயிகளிடமும் பிடித்தார்கள். அந்த இடத்தில் எத்தனை ஆண்டு இருக்க முடியும் என்பதே உறுதியில்லாததால் வசூலிலும் அவசரம் இருந்தது. மேலே போன பணம் தேர்தல் செலவு வரைக்கும் எட்டியது. இப்படிப் பார்த்தால் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் கடைசி வசூல்காரர் மட்டுமே. மடையில் நீர் மேலிருந்து கீழே பாய்கிறது, பணம் அதே வாய்க்காலில் கீழிருந்து மேலே ஏறுகிறது. ஊழலைச் சமூகத்தில் பரவலாகச் சிதறிக் கிடக்கும் சில்லறைத் தவறாகப் பார்க்கும் நம் பழக்கத்தை அந்தக் கட்டுரை எனக்கு மாற்றிவிட்டது.

நாடுகளை ஒப்பிடும் ஆய்வுகள் 1990களின் பின்பகுதியில்தான் தொடங்கின. பன்னாட்டு நிதியத்தைச் சேர்ந்த சஞ்சீவ் குப்தா, ஹமீத் தாவூதி, ரோசா அலோன்சோ-டெர்மே ஆகியோர் 1998இல், ஊழல் மிகுந்த நாடுகளில் வருமான ஏற்றத்தாழ்வும் வறுமையும் கூடுதலாக இருப்பதைக் காட்டி, அதற்கான வழிகளையும் சொன்னார்கள்: செல்வாக்குள்ளவர் வரியிலிருந்து நழுவுகிறார், நலத்திட்டம் வேறு கைக்குப் போகிறது, கல்வியில் வாய்ப்பு சமமாக இல்லை, நிலமும் சொத்தும் சிலரிடம் குவிகின்றன. அம்பு ஊழலிலிருந்து ஏற்றத்தாழ்வை நோக்கிப் பாய்ந்தது. 2005இல் யூ ஜோங்-சங், சஞ்சீவ் கக்ராம் இருவரும் 129 நாடுகளை எடுத்துக்கொண்டு அம்பைத் திருப்பிப் போட்டார்கள். ஏற்றத்தாழ்வு கூடக் கூட, பணக்காரருக்கு இழக்க நிறைய இருப்பதால் சட்டத்தை வளைக்கும் ஆசையும் வசதியும் கூடுகின்றன. ஏழைகளுக்குக் கண்காணிக்கவும் தட்டிக்கேட்கவும் தெம்பு குறைகிறது. நாளடைவில் எல்லாரும் இப்படித்தான் என்ற எண்ணம் ஊறிவிடுகிறது. முதல் ஆய்வைவிட இந்த இரண்டாவதுதான் சென்னையில் நான் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது.

ஒத்துப்போவதைக் காட்ட நிலத்தை எடுத்துக்கொள்கிறேன். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 1998இல் 113-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அனுமதியில்லாமலோ, அனுமதியை மீறியோ கட்டிய கட்டடத்தைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்தலாம் என்பது அதன் சாரம். ஒரு முறை மட்டும் என்று சொல்லப்பட்ட சலுகை நீட்டிப்பு மேல் நீட்டிப்பாகப் போனது. 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த நீட்டிப்புகளை ஏற்க மறுத்தது. இடிப்பு தொடங்கவிருந்த நிலையில் 2007இல் அதைத் தடுக்க அவசரச் சட்டம் வந்தது. இவற்றில் லஞ்சம் என்று சொல்ல எதுவுமில்லை, எல்லாம் அரசிதழில் வந்தவை. மாடிப்படியில் எதிரெதிரே இரண்டு பேர் நடக்க முடியாத, தீயணைப்பு வண்டி சுற்றிவர இடமில்லாத வணிகக் கட்டடங்கள் தியாகராய நகரில் எழும்பியபோது யார் எங்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்ற கேள்வி மட்டும் அந்தக் கட்டணத்தோடு சேர்ந்து அடைபட்டுப்போனது.

அக்காவின் குடும்பமும் சட்டப்படி அனுமதியில்லாத இடத்தில்தான் இருந்தது. சைதாப்பேட்டையில், அடையாற்றங்கரையில், அவருடைய மாமியார் காலத்திலிருந்து. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களோடு அவர்களையும் பெரும்பாக்கத்துக்கு மாற்றினார்கள். அவர்களுக்கு 113-ஏ கிடையாது, கட்டணம் கட்டிக் கரையிலேயே இருந்துகொள்ளும் வாய்ப்பு கிடையாது. வெள்ள அபாயம் என்று எடுத்துப்போய்க் குடியேற்றிய இடம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் விளிம்பு. ஒரு காலத்தில் ஏறத்தாழ ஐம்பது சதுர கிலோமீட்டர் பரந்து கிடந்து, குப்பைமேடும் சாலையும் அலுவலகக் கட்டடங்களும் தின்றதுபோக இன்று ஒரு சிறு பங்கு மட்டும் எஞ்சியிருக்கும் நிலம் அது. மிச்சத்துக்கு 2022இல், பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. நான் வசிக்கும் வேளச்சேரியிலும் ஏரி இருந்த இடமும் வீடு இருக்கும் இடமும் எங்கே பிரிகின்றன என்று கேட்டால் பழைய ஆள்கள் சிரிப்பார்கள். என் வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது. அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று மழைக்காலத்தில் மட்டும் தோன்றும்.

ஏற்றத்தாழ்வு ஊழலை வளர்க்கும் இன்னொரு வழி இவ்வளவு வெளிப்படையானதன்று. வரிசையில் நிற்க வேண்டியவர்களில் குரல் எடுபடக்கூடியவர்கள் வரிசையை விட்டுப் போய்விடுகிறார்கள். எங்கள் குடியிருப்பில் குழாய்த் தண்ணீர் வராவிட்டால் தனியார் லாரியை வரவழைக்கிறோம், குடிப்பதற்குக் கேன் வாங்குகிறோம். காய்ச்சல் என்றால் தனியார் மருத்துவமனை, பிள்ளைக்குத் தனியார் பள்ளி, பதிவு அலுவலகத்துக்குப் பத்திர எழுத்தர், வண்டி உரிமத்துக்கு டிரைவிங் ஸ்கூல்காரர். அரசு அலுவலகத்தின் மர பெஞ்சில் நான் கடைசியாக உட்கார்ந்தது எப்போது என்று எனக்கு நினைவில்லை. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டபோது, தெருவுக்கு வரும் குடிநீர் வாரிய லாரிக்காரருக்கு ‘டீக்காசு’ கொடுத்தால்தான் குழாய் நம் பக்கம் நிற்கும் என்பதைக் குடங்களோடு நின்ற பெண்கள் தெரிந்துவைத்திருந்தார்கள். எங்கள் சங்கச் செயலாளர் தனியார் லாரிக்கு ஆன்லைனில் பணம் கட்டிவிட்டு வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் படம் அனுப்பினார். எங்களிடம் லஞ்சம் கேட்க ஆளில்லை. அதனால் எங்கள் ஊரில் ஊழல் குறைந்துவிட்டதாகக்கூட நாங்கள் பேசிக்கொள்கிறோம்.

உலக அளவில் இதை அளக்கும் குறியீட்டிலும் இதே கோளாறு இருக்கிறது. டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் 1995 முதல் வெளியிட்டுவரும் பட்டியலில் இந்தியா 2024இல் நூற்றுக்கு 38 மதிப்பெண்ணோடு 180 நாடுகளில் 96ஆவது இடத்தில் இருந்தது. அது நிபுணர்களின், தொழில் நடத்துபவர்களின் எண்ணங்களைத் தொகுக்கும் பட்டியல். பெரும்பாக்கத்திலிருந்து வருகிறவரின் நோட்டு அதற்குள் நுழைவதில்லை. சேவை பெறப் போனவர்களையே கேட்டு நடத்திய ஆய்வுகள் வேறு ஒன்றைக் காட்டுகின்றன. டேனியல் காஃப்மனும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் பெரு நாட்டைப் பற்றி எழுதியதில், ஏழைகள் வருமானத்தில் பெரிய பங்கை லஞ்சமாகக் கொடுக்கிறார்கள் என்பதோடு, லஞ்சத்துக்கு அஞ்சி அலுவலகத்துக்கே போகாமல் இருந்துவிடுகிறவர்களும் அவர்கள்தான் என்று கண்டார்கள். அக்காவின் அண்டை வீட்டுக்காரர் ஒருவர் கணவர் இறந்து ஆறு ஆண்டாகியும் விண்ணப்பிக்கவில்லை. “அவ்வளவு பணத்துக்கு எங்க போறது” என்பது அவர் சொன்ன காரணம். அவர் லஞ்சம் கொடுக்கவில்லை. எனவே எந்தக் கணக்கிலும் அவர் ஊழலால் பாதிக்கப்பட்டவர் ஆக மாட்டார்.

மேல் அடுக்கைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை, அது நாளிதழில் தினம் வருகிறது. 2022-23இல் நாட்டின் வருமானத்தில் 22.6 விழுக்காடு மேல்தட்டு ஒரு விழுக்காட்டினருக்குப் போனது, செல்வத்தில் 40.1 விழுக்காடு அவர்களிடம் இருந்தது என்று உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகத்தினர் 2024இல் கணக்கிட்டார்கள். அந்த உயரத்தில் யாரும் உறை நீட்டுவதில்லை. யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று வாக்காளருக்குத் தெரியாதபடி கட்சிகளுக்குப் பணம் தர வழிசெய்த தேர்தல் பத்திரங்கள் ஆறு ஆண்டுகள் சட்டப்படியே நடந்தன; 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அவற்றை ரத்து செய்தது. சீன ஊழலை ஆராயும் யுவென் யுவென் ஆங், ஊழலை நான்கு வகையாகப் பிரித்து, அவற்றில் ‘வாசல் திறக்கும் பணத்தை’த் தனியே பிரித்துக் காட்டுகிறார்: பெரிய தொழிலுக்கும் பெரிய அதிகாரிக்கும் இடையே நடக்கும் இந்த வகையில் வளர்ச்சி நிற்பதில்லை, சொல்லப்போனால் வேகம்கூடக் கூடும், ஆனால் பலன் சாய்வாக விழுகிறது. ஊழல் இருந்தும் சீனா வளர்ந்ததே என்று கேட்பவர்களுக்கு இதுதான் என் பதில். வளர்ந்தது, யாருக்கு எவ்வளவு என்று அடுத்த கேள்வியையும் கேட்டுவிடுங்கள்.

இனி எதிர்ப்பக்கம். இதே அக்கா, இதே சென்னையில், தினமும் இரண்டு முறை ஓர் அரசுச் சேவையை ஒரு பைசா லஞ்சமில்லாமல் பெறுகிறார். 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஏழையா என்று யாரும் கேட்பதில்லை. வருமானச் சான்று, கள விசாரணை, கையெழுத்து எதுவும் தேவையில்லை. நடத்துநர் முணுமுணுப்பார், நிறுத்தம் தாண்டி நிறுத்துவார், ‘ஓசி’ என்று சிலர் வாய்க்கொழுப்பாகப் பேசியதும் உண்டு. லஞ்சம் கேட்க மட்டும் அவருக்கு வழியில்லை, ஏனென்றால் மறுக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. ரேஷனும் இப்படித்தான். 1997இல் மத்திய அரசு வறுமைக் கோட்டை வைத்துப் பிரித்துக் கொடுக்கச் சொன்னபோது தமிழ்நாடு அதை ஏற்காமல் எல்லாருக்கும் என்ற முறையையே வைத்துக்கொண்டது. 2011 முதல் அரிசிக்கு விலையும் இல்லை. அரிசி வேண்டாதவர் தானாகவே சர்க்கரை அட்டை வாங்கிக்கொள்கிறார். எடைக்குறைவும் அரிசிக் கடத்தலும் இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ‘நீ ஏழைதான் என்று எழுதித் தருகிறேன், எவ்வளவு தருவாய்’ என்ற பேரம் இங்கே ரேஷனுக்காக நடப்பதில்லை. பொறியியல் கலந்தாய்விலும் கட்ஆஃப், பாட மதிப்பெண், பிறந்த தேதி எல்லாம் சமமானால் கடைசியில் ரேண்டம் எண்தான் முடிவு செய்கிறது. அந்த எண்ணோடு யாரும் பேரம் பேச முடியாது. அதே படிப்புக்கு நிர்வாக ஒதுக்கீட்டில் போகிறவர்களுக்கு வேறு கதை. நன்கொடை வாங்கக் கூடாது என்ற 1992ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தும் அங்கே பேச்சு மூடிய அறைக்குள்தான் நடக்கிறது.

தகுதியுள்ளவருக்கு மட்டும் கொடுத்தால் பணம் மிச்சமாகும் என்று பட்ஜெட் விவாதங்களில் பேசும் என் துறைக்காரர்களோடு நான் உடன்படாமல் போனது இந்த இடத்தில்தான். நானும் கணக்குப் பார்க்கும் வேலைதான் செய்கிறேன். தகுதியைச் சரிபார்க்க ஒரு வாசல் வைத்தால் வாசலில் ஓர் ஆளை நிறுத்த வேண்டும். அந்த ஆளுக்கு மறுக்கும் அதிகாரம் தர வேண்டும். அந்த அதிகாரத்துக்கு ஒரு விலை பிறந்தே தீரும். அந்த விலையை மிச்சத்திலிருந்து யாரும் கழிப்பதில்லை. விண்ணப்பம் ஆன்லைனுக்குப் போய்விட்டதே என்கிறார்கள். போய்விட்டது, அக்காவின் விண்ணப்பமும் ஆன்லைனில்தான் போனது. ‘கள விசாரணை நிலுவை’ என்ற வரியில் ஏழு வாரம் நின்றது. கேட்கிற கை கவுண்டரிலிருந்து அந்த ஒரு வரிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்தேன். 1988ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018இல் செய்த திருத்தத்தின்படி லஞ்சம் கொடுப்பதும் குற்றம், ஏழாண்டு வரை சிறை. கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் காவல்துறையிடமோ புலனாய்வு அமைப்பிடமோ தெரிவித்தால் தப்பலாம். அக்காவின் நிலையை இதற்குள் வைத்துப் பாருங்கள். ஏழாம் நாள் அவர் கையில் தண்டல் அட்டையில் ஏழு டிக் மட்டும்தான் இருந்தது, உதவித்தொகை உத்தரவு இல்லை. நூறு நாளும் கட்டி முடித்து, அதற்குப் பத்தொன்பது நாள் கழித்துத்தான் முதல் மாதப் பணம் வங்கியில் விழுந்தது. அதற்கு முன் புகார் கொடுத்திருந்தால் அந்த விண்ணப்பம் என்ன ஆகியிருக்கும் என்று அவருக்குச் சட்டப் புத்தகம் சொல்லித் தர வேண்டியதில்லை. என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. சீட்டில் ஒரு வரி எழுதினார், கொடுத்தேன். திருத்தம் சொல்லும் குற்றத்துக்கு எங்கள் இருவரில் கச்சிதமாகப் பொருந்துகிறவன் நான்தான்.

அம்மாவின் பெயரில் இருக்கும் மனையை எங்கள் மூவர் பெயருக்கும் செட்டில்மென்ட் செய்ய வேண்டியிருக்கிறது. அம்மாவுக்கு எழுபத்தொன்பது வயது. அந்தப் பதிவு அலுவலகம் முதல் மாடியில், படி செங்குத்து. பத்திர எழுத்தர் நேற்று வாட்ஸ்அப்பில் மதிப்பீட்டை அனுப்பினார். இப்போதெல்லாம் தட்டச்சு செய்தே அனுப்புகிறார். கடைசி வரி அதேதான், தொகை ஐயாயிரம் ஆகியிருக்கிறது. அந்த வரியை எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். உடனே குரல் பதிவு வந்தது.

“எடுத்துடலாம் சார், அதுல ஒண்ணும் இல்ல. ஆனா டோக்கன் நேரத்துக்குக் கூப்பிடுவாங்களானு நான் சொல்ல முடியாது பாருங்க. அம்மாவ வேற கூட்டிட்டு வர்றீங்க.”

டோக்கன் புதன்கிழமை காலை பதினொன்றேகாலுக்கு. நான் இன்னும் பதில் அனுப்பவில்லை.